பாஸ்ற் என்றால் என்ன, மச்சான்?

திருகோணமலை,
16.01.1967

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. சலாத்தை முழுதாகச் சொல்லிவிட்டேன். மிச்சத்தில் கொஞ்சம் கோபம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மாமியும் நம் மகள் லைலாவும் சுகம். மழைதான் விடுவதாக இல்லை. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கப்பலில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் கடைசியில். முதலில் உங்கள் தந்தி இங்கே ஆட்டிவைத்த கூத்தைக் கேளுங்கள்.

நோன்பு இருபதில் அது வந்தது. ஆங்கிலத்தில் நாலே நாலு சொல்: கப்பல் பாஸ்ற் பம்பாய் ஜெமீல். அலியார் காக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாஸ்ற் எண்டா வேகம். கப்பல் பம்பாயால வேகமா வருது. பெருநாளைக்கு மச்சான் வீட்டில நிப்பார்" என்றார். அவர் கந்தளாய் பஸ் ஓட்டுகிறவர். அவருக்குத் தெரிந்த பாஸ்ற் அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு ஜெஸீமா விட்டாளா? "பாஸ்ற் எண்டா நோன்பு, ஸ்கூல்ல படிச்சனான்" என்றாள். மாமிக்கு இரண்டு அர்த்தமும் வேண்டும். "என்ட மகன் நோன்பும் பிடிச்சிக்கொண்டு வேகமா வாறான்" என்று தெரு முழுக்கச் சொல்லி, அன்றைக்குக் கஞ்சிக்கு இரண்டு கொத்து அரிசி கூடப் போட்டார்.

அந்த வாரமே, நீங்கள் சிங்கப்பூரில் வாங்கிவந்த மணிக்கூடு ஐந்து நிமிஷம் பாஸ்றாக ஓடத் தொடங்கியது. அதை நம்பி மாமி பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். பள்ளிவாசல் பாங்கு அதற்குப் பிறகுதான் கேட்டது. ஒரு நோன்பு கழாவாகிவிட்டது, திரும்பப் பிடிக்கவேண்டும் என்று இன்றைக்கும் உங்களைத்தான் ஏசுகிறார்.

பெருநாளைக்கு நீங்கள் இடுப்பில் உடுக்க ஸெய்னுதீன் நானா கடையில் நீலச் சாரம் ஒன்று வாங்கினேன். "பாஸ்ற் கலர் தங்கச்சி. சாயம் போனா சாரத்தை என்ட தலையில கொண்டாந்து கட்டு" என்றார். கஞ்சி போக ஒருதரம் அலசினேன். லைலாவின் வெள்ளைச் சட்டையும் நீலமாகிவிட்டது. அவர் தலையில் இன்னும் கட்டவில்லை, மழை விடட்டும்.

பெருநாளன்று உங்களுக்குப் பிடித்த பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு காத்திருந்தேன். வாசல் கேற் திறக்கிற சத்தம் கேட்டபோதெல்லாம் லைலா "வாப்பா" என்று ஓடினாள். கடைசியாக வந்தது கமலேஸ்வரி. துறைமுகக் கந்தோரில் தட்டச்சு அடிக்கிறாளே, என்னோடு படித்தவள். வட்டிலப்பத்தைத் தின்றுகொண்டே தந்தியைப் பார்த்தாள். "அடியே, இந்தச் சொல்லை நான் நாளுக்குப் பத்துத்தரம் அடிக்கிறனான். கயிறு போட்டு இறுக்கிக் கட்டியாச்சு எண்டு அர்த்தம். கப்பல் வரேல்ல, பம்பாயில கட்டிக் கிடக்குது" என்றாள். நான் குசினிக்குள் போய் அழுதேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

பாவம், அவள் மறுநாளும் வந்தாள். கந்தோரில் இருக்கிற பெரிய அகராதியைப் புரட்டிப் பார்த்தாளாம். ஆதியில் அந்தச் சொல்லுக்கு இறுக்கம், உறுதி என்றுதான் பொருளாம். உண்ணாமல் உறுதியாக இருப்பதும் பாஸ்ற். விடாமல் முழு மூச்சாக ஓடியதால் ஓட்டமும் பாஸ்ற் ஆயிற்றாம். நிற்கிறதுக்கும் ஓடுகிறதுக்கும் ஒரே சொல்லா, மச்சான்? வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போய்ப் பத்து வருஷமாகிறது, அவன் சொல் இன்னும் எங்களைப் பேய்க்காட்டுகிறது. ஆனாலும் அகராதி சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஓட்டமெல்லாம் பிறகு வந்ததுதான், முதலில் இருந்தது கட்டு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூதூருக்கு ஆள் ஏற்றிப் போய்வருகிற லாஞ்சியில் கயிறு பிடிக்கிறவர் விலகிவிட்டார். அலியார் காக்கா உங்களுக்காகச் சொல்லி வைத்திருக்கிறார். மாசி முடியுமட்டும் பார்த்திருப்பார்களாம். கப்பல் உத்தியோகத்துக்கு முன்னால் அது சின்ன வேலைதான், எனக்குத் தெரியும். ஆனால் காலையில் போனால் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். கூரை ஒழுகினால் ஒழுகட்டும், வாளியை எடுத்து ஊற்ற இரண்டு பேர் இருப்போம். லைலா கேற்றுக்கு ஓடினால் உண்மையாகவே அங்கே நீங்கள் நிற்கவேண்டும்.

கையெழுத்துப் போடாதீர்கள், மச்சான். எனக்கு ஏலாது. இரண்டு வருஷம் என்னால் ஏலாது.

அல்லாஹ் உங்களைச் சுகத்தோடு கரை சேர்க்கட்டும். பதில் கடிதம் வேண்டாம், தந்தியே அடியுங்கள். அந்தச் சொல்லும் அப்படியே இருக்கட்டும். கப்பலை வெட்டிவிடுங்கள், பம்பாயையும் வெட்டிவிடுங்கள். 'ஜெமீல் பாஸ்ற் திருகோணமலை' என்று மட்டும் வரட்டும். இந்தத் தடவை நான் ஒருவரிடமும் அர்த்தம் கேட்கமாட்டேன்.

உங்கள்
ஸல்ஹா