ரைமோ மாமா விற்ற கார்

ஈசல்மி
மே மாதம், ஞாயிறு காலை

அன்பு மகள் ரீக்காவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டி எல்மியும் சளி காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். பூமியின் அந்தப் பாதியில் உங்களுக்கு இப்போது குளிர் தொடங்கியிருக்கும், எங்களுக்கு ஏரியில் பனிக்கட்டி போன வாரம்தான் உடைந்தது, உருளைக்கிழங்கு நட இன்னும் மண் இளகவில்லை. அப்பாவுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்துவிட்டது, டாக்டருக்குத் திருப்தி, நாக்கில் ருசி மட்டும் இன்னும் திரும்பவில்லை, கறுப்பு ரொட்டியைத் தின்றுவிட்டு அட்டையைத் தின்பதுபோல இருக்கிறது என்கிறார். கார் எங்கே அம்மா என்று நீ போனில் கேட்டாய், ரிப்பேர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அப்பா பக்கத்திலேயே இருந்தார், அதனால் சொல்ல முடியவில்லை. இப்போது அவர் படகுக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருக்கிறார், எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நம் பழைய வண்டி போன பிறகு, இலையுதிர் காலத்தில் உன் ரைமோ மாமாவிடமிருந்து அந்த நீலநிறச் சின்னக் காரை வாங்கினோம் அல்லவா, அவனேதான் வந்து கேட்டான். அப்பாவுக்குத் தினமும் குவோப்பியோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தெரிந்த வாரம் அது. நம் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, “அக்கா, முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட போய் மாட்டிக்காதே, என் வண்டியை எடுத்துக்கோ, மைனஸ் முப்பதுலகூட சாவி போட்டா உறுமும், அத்தானைவிட அதுக்கு உடம்பு நல்லாருக்கு” என்றான். அப்பாவும் சிரித்தார். தம்பி சொன்ன பிறகு வண்டியைச் சுற்றிப் பார்ப்பதே அவனை அவமானப்படுத்துவது என்று எனக்குத் தோன்றியது. அவன் சொன்னதில் பொய் இல்லை, குளிர்காலம் முழுக்க ஒரு நாளும் அது கிளம்ப மறுக்கவில்லை. ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் பனி தூவிக்கொண்டு மரலாரிகள் எதிரே வரும், அப்பா பக்கத்து இருக்கையில் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டிருப்பார், நான் ஸ்டியரிங்கைத் தட்டி நல்ல பிள்ளை என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரலில் வருடாந்திரத் தகுதிச் சோதனை வந்தது. நானே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறேன், நீ ஏன் அலைகிறாய் என்று மாமா முன்பே சொல்லிவைத்திருந்தான், எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். அவன் வேலையாக நார்வே போனவன் வரத் தாமதமாயிற்று, கெடு முடிகிறதே என்று நானே எடுத்துப் போனேன். சோதனை செய்தது உன் வயதுப் பெண் ஒருத்தி. விளக்கு, பிரேக் எல்லாம் பார்த்தாள், கைப்பிரேக் ஒரு பக்கம்தான் பிடிக்கிறது, முன் சக்கரத்தில் ஒரு மூட்டு ஆடுகிறது என்றாள், சரி, வயதான வண்டிக்கு அதெல்லாம் இருக்கும் என்று நின்றேன். பிறகு வண்டியை மேலே தூக்கினாள். விளக்கைப் பிடித்து அடியை முழுக்கப் பார்த்தாள். “அம்மா, கொஞ்சம் இங்க வாங்க, அடியில யாரு புதுசா தார் பூசினது” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். கையிலிருந்த கம்பியால் அந்தக் கறுப்பைச் சுரண்டினாள், பின் அச்சைத் தாங்குகிற இடத்தில் கம்பி அப்படியே உள்ளே போய்விட்டது ரீக்கா, துரு பொலபொலவென்று என் காலணிமேல் கொட்டியது. மறுபக்கமும் அதே கதி. “இந்த மாடலுக்கு எஞ்சின் மாடு மாதிரி உழைக்கும், அடிதான் பனி உருகப் போடுற ரோட்டு உப்புக்குத் தாங்காது, இந்த வயசு வண்டிங்க நிறைய தேறாமத்தான் போகுது. ஆனா துருவை மறைச்சுப் பூசுறது வேற விஷயம். இதை நீங்க ஓட்டிக்கிட்டுப் போக முடியாது, இழுவை வண்டி கூப்பிடுங்க” என்றாள். வேகமாகப் போகும்போது அச்சு பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

மாமா ஊர் திரும்பியதும் டாக்ஸி பிடித்து அவன் வீட்டுக்குப் போனேன். தார் பூசியது யார் என்று வாசலிலேயே கேட்டேன். “எல்லாரும் பூசுறதுதான் அக்கா, குளிர்காலத்துக்கு முன்னாடி ஒரு பாதுகாப்புக்கு” என்றான். அடியில் ஓட்டை இருந்தது தெரியுமா என்றேன். “கொஞ்சம் துரு இருந்துச்சு, இவ்வளவு மோசம்னு எனக்கென்ன தெரியும்” என்றான். உள்ளே ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த பைவி அத்தை கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தாள். “அண்ணிகிட்ட மறைக்காதீங்க. வென்லா ஓட்ட அந்தக் காரைக் கேட்டப்போ, இது நெடுஞ்சாலைக்கு ஆகாது, பின்னாடி கழண்டா பிள்ளை உயிரே போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க” என்றாள். தங்கள் மகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்த வண்டியை எனக்குக் கொடுத்திருக்கிறான். வேறு எவன் ஏமாற்றியிருந்தாலும் நாலு திட்டுத் திட்டிவிட்டு வந்திருப்பேன். “உன் அத்தான் அதுல தினமும் உட்கார்ந்து வந்தாரே ரைமோ” என்று மட்டும்தான் எனக்கு வாயில் வந்தது. “நீ மெதுவாத்தானே அக்கா ஓட்டுவ” என்றான். அந்தப் பதிலைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை, அப்படியென்றால் உட்கார்ந்து யோசித்துப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறான்.

பிறகு அவனே வண்டியை எடுத்துப் போய் அடியை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, மறுசோதனையிலும் தேறவைத்து, கழுவித் துடைத்து, சனிக்கிழமை சௌனா நீராவிக் குளியலின்போது சுட்டுத் தின்ன சாசேஜும் வாங்கிக்கொண்டு வந்தான். இப்போது புதுசுபோல என்று சாவியை நீட்டினான். அப்படியானால் வென்லாவுக்குக் கொடு, எனக்கு வேண்டாம் என்றேன். அவன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். கொடுக்கிறேன் என்று சொல்லி ஓட்டிப் போனான், மூன்று வாரமாக அவன் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. வென்லா பஸ்ஸில்தான் போய்வருகிறாள்.

அப்பாவுக்குக் கோபமே இல்லை, எனக்கு அதுவும் ஒரு வலி. “ஒண்ணும் ஆகலையே மார்கெத்தா, விடு” என்கிறார், நேற்று மாமாவோடு வலை எடுக்கப் போய்விட்டு வந்தார். மீனைச் சுத்தம் செய்து கொடுத்தேன், நான் சாப்பிடவில்லை. மாமா உனக்குப் போன் செய்து, கார் நன்றாகத்தான் இருக்கிறது, உன் அம்மாதான் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று சொல்லுவான். அவனோடு சண்டை போடாதே, மரியாதையாகப் பேசு, உனக்கு அவன் நல்ல மாமாவாகத்தான் இருந்திருக்கிறான். ஆனால் எங்களைச் சேர்த்துவைக்க மட்டும் முயற்சி செய்யாதே.

எல்மிக்கு அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்ததா என்று எழுது. மாப்பிள்ளையின் முதுகுவலிக்குத் தரையில் படுக்கச் சொல். கடவுள் உங்கள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். நீங்களும் பழைய கார் ஒன்று பார்க்கிறோம் என்று சொன்னாயே, மேலே தூக்கி அடியைப் பார்க்காமல் வாங்காதே மகளே, விற்பது உன் அம்மாவாகவே இருந்தாலும்.

முத்தங்களுடன்,
அம்மா
மார்கெத்தா