எதிரொலி வந்த வேகம்

பாப்பாவுக்கு,

"எதிரொலி பொய் சொல்லுமாம்மா?" என்று சாப்பிடும்போது கேட்டாய். "உங்கப்பா பொய் சொல்லுவார், எதிரொலி சொல்லாதுடி" என்றேன். நீ சிரிக்காமல் எழுந்துபோய் அறையைத் தாழிட்டுக்கொண்டாய். அதனால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

ஒருவன் கடைக்குப் போய்த் திரும்பப் பத்து நிமிடம் ஆனால் கடை எவ்வளவு தூரம்? அவன் நடந்தானா, ஓடினானா என்று தெரிய வேண்டும். சுரங்கப்பாதைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க நீ தரையைத் தட்டி அனுப்பும் அதிர்வும் அப்படித்தான். அது திரும்பி வந்த நேரம் மெய். வேகத்தை முடிவு செய்தவள் நீ. எல்லாம் கெட்டிப் பாறை என்று வைத்துக்கொண்டாய். பாறையில் அதிர்வு ஓடும், தளர்ந்த மண்ணில் நடக்கும். மேலே இருப்பது பழைய குவாரியை மூடிய தளர்ந்த மண் என்று காலையில் உன் அதிகாரியிடம் ஸ்பீக்கர் போனில் நீ சொன்னது என் காதில் விழுந்தது. "ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டாச்சு, விடும்மா" என்று அவர் சிரித்ததும் விழுந்தது.

நாற்பது மீட்டரில் என்று நீ குறித்த பொந்து, சுரங்கப்பாதை தோண்டும் இருபத்தைந்து மீட்டரிலேயே இருந்தால்?

மாப்பிள்ளை அந்தச் சுரங்கப்பாதையில் தோண்டும் ஷிப்டுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொரு காபி கொடுத்து உட்கார வைக்கிறேன். நீ மேல்மண்ணுக்கு வேகத்தைக் குறைத்து, அந்த ஆழத்தை மறுபடி கணக்குப் போட்டுப் பார்.

அம்மா