தினேஷுக்கு நான் எழுதிய பரீட்சை

ஆடி 5, திங்கள், இரவு.

தாம்பரத்துக்குத் தெற்கே என்னை மிஞ்சிய அறிவாளி கிடையாது என்று போன வாரம்தான் பிரகடனம் செய்தேன். அக்கா மகன் தினேஷ் வேலை பார்க்கும் படப்பை ரசாயனக் கழிவுக் கிடங்கில், ஆன்லைன் பயிற்சி முடித்துச் சர்டிபிகேட் கொண்டுவரச் சொன்னார்கள். அவன் ஷிப்ட் முடிந்த அசதியில் தூங்கிவிட்டான். வீடியோவை அதன்பாட்டுக்கு ஓடவிட்டு நான் கிரிக்கெட் பார்த்தேன். பரீட்சையிலும் அவன் பெயரில் நானே வாய்க்கு வந்த விடையையெல்லாம் தட்டினேன். பாஸ்! வானத்துத் தேவர்கள் பூமாரி பொழியாததுதான் பாக்கி.

இன்று சாயங்காலம் அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

“மாமா, ஆசிட் டிரம் ஒண்ணு உப்பிக்கினு கீது. சர்டிபிகேட் இருக்கறவன் நீதான், காலைல நீயே தொறன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. எப்டி தொறக்கறது?”

“கண்ணாடி, கையுறை போட்டுக்கினு…”

“அப்பால?”

அண்டத்தையே அளக்கும் நான், ராத்திரி சொல்கிறேன் என்று அவன் காதில் ஓதினேன்.

“இன்னாடா ரெண்டு பேரும் குசுகுசுன்னு?” என்றாள் அக்கா, உள்ளேயிருந்து.

“ஒண்ணுமில்லக்கா.”

இப்போதுதான் வீடியோவை ஒழுங்காகப் பார்த்தேன். உப்பிய டிரம் எந்த நேரமும் வெடிக்கலாமாம், தொடவே கூடாதாம். எல்லோரும் விலகி நின்று, அதற்கென்று இருக்கும் நிபுணரைக் கூப்பிட வேண்டுமாம். தினேஷை எழுப்பிச் சொன்னேன்.

“நான் சொன்னா அந்தாளு கேப்பாரா மாமா?”

விடிந்ததும் நானும் அவனோடு போகிறேன். பரீட்சை எழுதியது நான்தான் என்று சூப்பர்வைசரிடமே சொல்லிவிடுவேன். அவன் வேலை போனால் அக்கா என் தோலை உரித்துக் கொடியில் காயப்போடுவாள். போடட்டும். அந்த டிரம் மட்டும் விடியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.