நான்கு மூலைக்கும் ஜாக்

ஜூன் 24, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை. புழுக்கம் மட்டும் தாராளம்.

வேலை: வண்டிக்கு ஜாக் பார்ப்பது.

வண்டி என்றால் கேம்பிங் டிரெய்லர். சினிமா ஷூட்டிங்குக்கு ஓடியதை அண்ணன் சென்னையில் பழசாக வாங்கி, மாந்தோப்பின் ரோட்டோரம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். இரண்டு கட்டில், சமையல் மேடை, கக்கூஸ், ஏ.சி. முழுக்க இரும்புத் தகடு. யானைக் கனம். காரில் திருப்பதி போகிற குடும்பங்கள் தங்கிப் போகட்டும் என்று திட்டம். நடத்துவது நான். ஆள் வராத நாளில் அதிலேயே தங்குவதும் நான். பெரியம்மா எதிரில் அண்ணன் கொடுத்த வாக்கு.

சித்தூரில் புருஷன் வீட்டை விட்டு வந்ததிலிருந்து எனக்கு இங்கே உர மூட்டை அறையில்தான் படுக்கை. மூட்டை எடுக்க யார் வேண்டுமானாலும் வருவார்கள். தலைமயிரெல்லாம் யூரியா நாற்றம்.

சிக்கல்: வண்டி ஆடுகிறது. அண்ணியின் தம்பி முரளி (பாகாலாக்காரன், மத்தியானச் சாப்பாடு மட்டும் இங்கே) கட்டிலில் படுத்துப் பார்த்தான். நான் சமையல் மேடை வரை நடந்தேன்.

"இன்னாக்கா, பஸ்ஸுல போற மாறியே கீது. வாந்தி வருது."

காசு கொடுத்துத் தங்குகிறவன் என்ன சொல்வான்? ஆட்டம் நின்றால்தான் வண்டி ஓடும். வண்டி ஓடினால்தான் எனக்கு அறை.

ஜூன் 26, வியாழன்

திருப்பதி. வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே. துணைக்கு முரளி, நான் கேட்கவில்லை, அண்ணன் அனுப்பினான்.

டிரெய்லர் சாமான் கடை. கேட்பது நான், கடைக்காரர் பதில் சொல்வது முரளியிடம். எத்தனை டன், எத்தனை அச்சு, சேசிஸ் (அடிச்சட்டம்) எவ்வளவு உயரம், எல்லாம் நான் சொன்னேன். அவர் முரளியைப் பார்த்து, "மேடம் சொல்றது கரெக்டுதான் சார்" என்றார். முரளி பெருந்தன்மையாகத் தலையாட்டினான். ஃபோனில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

பார்த்தவை:

தனி ஸ்டாண்டு. அடியில் சும்மா முட்டுக் கொடுப்பது. இந்தக் கனத்துக்கு ஆகாது.

ஹைட்ராலிக் (ஹை.ஜாக்). பட்டனை அழுத்தினால் வண்டியையே தூக்கி மட்டமாக்கும். அருமைதான். ஆனால் எண்ணெய்க் குழாய், மோட்டார், பாட்டரி. தோப்பு எலி குழாயை விட்டுவைக்குமா? கெட்டால் சென்னையிலிருந்து ஆள் வரணும்.

கத்தரி ஜாக் (க.ஜாக்). சேசிஸின் நான்கு மூலையிலும் வெல்டு வைத்து, கைப்பிடியால் திருகி இறக்குவது. வண்டியைத் தூக்காது, தூக்கவும் கூடாது. ஆட்டத்தை நிறுத்துவது மட்டும் அதன் வேலை. முதலில் தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு மட்டம் பார்க்கணும், பிறகு சக்கரத்துக்கு முட்டு, கடைசியில்தான் ஜாக். இறக்கிய பிறகு வண்டி ஓர் அங்குலம்கூட நகரக்கூடாது.

க.ஜாக்தான். கூடவே ஜோடிச் சக்கரத்துக்கு நடுவில் வைத்து இறுக்கும் முட்டு இரண்டு. மூலை ஜாக் மேலும் கீழும் ஆடுவதை நிறுத்தும். முன்னும் பின்னும் ஆடுவதை இதுதான் பிடிக்கும்.

ரேணிகுண்டா தாண்டும்போது முரளி, "அக்கா, ஹைட்ராலிக்தான் கெத்து" என்றான்.

ஜூன் 27, வெள்ளி

நினைத்தபடியே. முரளி வீடியோ காட்டியிருக்கிறான்.

"பட்டன அமுக்கினா வண்டி தானா எழுந்து நிக்கணும். வர்றவன் அத்த வீடியோ எடுப்பான். நீ இன்னாடான்னா கைல சுத்தற சாமானத்த சொல்லிக்கினு கீற" என்று அண்ணன்.

"வர்றவன் தூங்க வர்றான் ண்ணா. ஜாக்கப் பாக்கவா வர்றான்?"

"ஆமா, ஃபேக்டரில கேஜ் புடிச்சவ. உனுக்குத் தெரியாததா."

கார் பாகம் செய்யும் ஃபேக்டரியில் கேஜ் வைத்து அளந்து தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். டிப்ளமோ. கல்யாணத்துக்காக அந்த வேலையை விடச் சொன்னதும் இதே அண்ணன்தான்.

மாலையில் கடைக்காரருக்கு அண்ணனே ஃபோன் போட்டான். ஹை.ஜாக் வர மாசக் கணக்காகுமாம். "சரி, அந்தக் கத்தரியே போடு" என்றான். நான் சொன்ன காரணம் ஒன்றும் காதில் ஏறவில்லை. ஸ்டாக் இல்லை என்பது ஏறியது.

ஜூலை 4, வெள்ளி

காலையில் தூறல். புத்தூரிலிருந்து வெல்டர் பாஷா வந்தார். பாதி தெலுங்கு, பாதி தமிழ், மீதி பீடி. தகட்டில் வெல்டு வைக்கப் பார்த்தார். சேசிஸ் சட்டத்தில்தான் வைக்கணும் என்றேன். "சரேம்மா, மீரு செப்பினட்டே" என்று அப்படியே வைத்தார். வாதாடாமல் ஒரு மனிதர்.

தாழ்ந்த பக்கச் சக்கரம் பலகைமேல் ஏறியது. ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. செம்மண் ஈரம், ஜாக் பாதம் புதையும். நான்குக்கும் அடியில் பழைய கதவுப் பலகையை அறுத்துப் போட்டேன். திருகினேன். உள்ளே போய் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். குதித்தும் பார்த்தேன், வெட்கமில்லாமல். மேடைமேல் டம்ளரில் தண்ணீர், அலை கூட இல்லை.

ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷம். அண்ணன் எட்டிப் பார்த்து, "ம்" என்றான்.

ஜூலை 11, வெள்ளி

எழுதவே கை கூசுகிறது.

இன்று வண்டிக்குப் பூஜை. வாழைக்கன்று, தோரணம், பூசணி, உறவு ஜனம். காலையிலேயே மட்டம் பார்த்து, முட்டு வைத்து, நான்கு ஜாக்கும் இறக்கிவிட்டேன். பொங்கல் பாத்திரம் எடுத்துவர அண்ணி என்னை வீட்டுக்கு அனுப்பினாள்.

திரும்பி வரும்போது வண்டி முன்னால் டிராக்டர் மாட்டியிருக்கிறது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். முட்டுகளை முரளி உருவி ஓரமாக வைத்திருக்கிறான். மூலை ஜாக் நான்கும் வாழைக்கன்றுக்கும் தோரணத்துக்கும் பின்னால் மறைவில், இறக்கியபடியே.

"ஓரடி இழு வேலு. பழம் நசுங்கட்டும்" என்கிறான் அண்ணன், டிராக்டர் ஓட்டும் வேலுவிடம்.

கத்தினேன். மேளச் சத்தம்.

பழம் நன்றாக நசுங்கியது. பின்னால் இரண்டு ஜாக்கும் மடங்கிப் படுத்தன. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நிற்கவைத்த வண்டிக்கு எதற்கு எலுமிச்சம்பழம் என்று ஒருவரும் கேட்கவில்லை. புது வண்டி என்றால் பழம் நசுக்கணும், அவ்வளவுதான்.

"அப்பவே சொன்னேன், ஹைட்ராலிக் போடலாம்னு. இவதான் கேக்கல" என்றான் அண்ணன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

இழுத்தால் ஹைட்ராலிக்கும் மடங்கும் என்றேன். பொங்கல் பரிமாறச் சொன்னார்கள். பரிமாறினேன்.

ஜூலை 12, சனி

வெயில். துணி துவைத்தேன்.

அண்ணன் தயங்காமல், கண்ணைப் பார்த்தே சொன்னான். "வண்டிய முரளி பாத்துக்கட்டும். நாலு பேரு வந்து போற எடம். ஆம்பள ஒருத்தன் இருந்தா நல்லது. நீ பெட்ஷீட் தொவச்சி, கூட்டிப் பெருக்கிக் குடு."

"தங்கறது?"

"அவன்தான் தங்கணும். நீ எங்க போய்டப் போற? இங்கதான கீற."

சித்தூரில் புருஷனும் இதையேதான் சொல்வான். நீ எங்கே போய்விடப் போகிறாய் என்று. போய்க் காட்டினேன். வந்து சேர்ந்த இடமும் அதே இடம்தான் போல.

ஜூலை 14, திங்கள்

பாஷா வந்து பின்பக்கம் இரண்டுக்கும் புது ஜாக் வைத்தார். மடங்கியதைக் காலால் தள்ளி, "டிராக்டர்தோ லாகினாரா?" என்றார். இழுத்தார்கள் என்றேன். சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு இரண்டாவது டீ கொடுத்தேன்.

அண்ணன் உத்தரவு: முரளிக்குச் சொல்லிக்கொடுக்கணும். "ஆடி பொறக்கறதுக்குள்ள அவன் பொட்டி படுக்கையோட உள்ள வந்துடணும். புதன்கெழம நல்ல நாளு."

சொல்லிக்கொடுத்தேன். மட்டம் பார்க்காமல், சாய்ந்த வண்டியை ஜாக்கை வைத்தே தூக்கத் திருகினான். இரும்பு முனகியது. "அக்கா, இது டைட்டா கீது" என்றான். ஆமாம் என்றேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கைப்பிடியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூலை 16, புதன்

ஆனி கடைசி நாள். காற்று. தோப்பெல்லாம் சருகு.

முரளி பெட்டியெடுக்கப் பாகாலா போயிருக்கிறான். விடிந்ததும் தனியாகவே பலகை, மட்டம், முட்டு, நான்கு ஜாக். பிறகு என் துணி மூட்டை, பாய், ஒரு குடம் தண்ணீர். விளக்கேற்றிப் பால் காய்ச்சினேன், குடிபோகிறவர்கள் செய்கிற மாதிரி. உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.

பத்து மணி வாக்கில் அண்ணன்.

"இன்னாமா இது? தொற கதவ."

"பால் காச்சிட்டேன் ண்ணா."

"யாரக் கேட்டு காச்சின?"

"பெரியம்மா எதிர்ல நீ சொன்னியே, அத்தக் கேட்டு."

தட்டினான். உதைத்தான். முரளி பெட்டியோடு வந்து மாமரத்தடியில் உட்கார்ந்தான். கதவை உடைக்கலாமா என்று பேச்சு. பால் காய்ச்சிய இடத்தில் விளக்கு எரியும்போது உடைத்தால் குடும்பத்துக்கு ஆகாதென்று வேலு சொன்னான் போல. உடைக்கவில்லை. தங்கச்சிக்குப் பயமில்லை, விளக்குக்குப் பயம். ஆடி முழுக்க இங்கே யாரும் வீடு மாற மாட்டார்கள், முரளியும்தான். ஆவணியில் மறுபடி வருவார்கள்.

மத்தியானம் பின்பக்க ஜன்னலில் அண்ணி. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும்.

"துன்னு மொதல்ல. அவன் இங்க வந்தா அவனுக்கும் நான்தான் மூணு வேள வடிச்சுக் கொட்டணும். நீயே இரு. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

அன்பென்று ஒரு நிமிஷம் ஏமாந்தேன். அதனாலென்ன, சோறு சோறுதான். சாப்பிட்டேன்.

ரோட்டில் சென்னைக் கார் ஒன்று நின்றிருக்கிறது. குழந்தை, கிழவர், மொட்டை போடப் போகிற கும்பல். ரூம் கிடைக்குமா என்று அண்ணனைக் கேட்கிறார்கள். அண்ணன் வண்டியைப் பார்க்கிறான். இந்தப் பக்கம் வருகிறான். இப்போது தட்டுவது மெதுவாக.

"தேவகி. கஸ்டமர் வந்துக்கீறாங்கமா."

வாடகையை என்னிடம்தான் கொடுக்கணும் என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். யோசிக்கிறான்.