மீன் பெட்டிக்குள் சுருதி

இவ்வளவு நேரம் கழித்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. விடியும் முன்னே மீன் ஏலத்துக்குக் கிளம்புகிற வீடு உங்களுடையது. ராத்திரியில் நான் அனுப்புகிற மெயிலை நீ காலையில்தான் பார்ப்பாய். பார்த்ததும், "தூங்கவே மாட்டியா மச்சி, ஆந்தையா நீ?" என்று ஒரு வரி வரும். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். அவருக்குத் துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட். என் மேசைக்கு அடியில் உங்கம்மாவின் தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. எத்தனை தரம் சோப்புப் போட்டுக் கழுவினாலும், மூடியைத் திறந்தால் ஐஸும் மீனும் கலந்த அந்த வாசனை வந்துவிடுகிறது. சாயங்காலம் ஒரு மெயில் வந்தது. அதைப் படித்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்லாமல் எப்படிப் படுப்பது?

உன் காரியத்தன்று உன் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார். "இவ இன்னா வேலதான் பண்ணிகினு இருந்தா? கேட்டா சிரிச்சிட்டுப் பூடுவா." நான் தெரிந்தவரைக்கும் சொன்னேன். பாட்டு வாசிக்கிற பெட்டியைத் துண்டு துண்டாகச் செய்வாள், ஒவ்வொரு துண்டும் ஒரு மாட்யூல். ஒரு துண்டு சத்தம் எழுப்பும், ஒன்று அதை வடிகட்டும், இன்னொன்று ஏற்றி இறக்கும். வாங்குகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த துண்டுகளை வாங்கி, ஒயரை மாற்றி மாற்றிச் செருகி, தங்கள் வாத்தியத்தைத் தாங்களே கட்டிக்கொள்வார்கள். எல்லாம் வெளிநாட்டுக்குத்தான் போகிறது. "அப்ப நீ?" எந்தக் குமிழைத் திருப்பினால் என்ன ஆகும் என்று அதற்குப் புத்தகம் எழுதுவேன் என்றேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், செஞ்சவ வாயால சொல்ல மாட்டாளா?"

மாட்டாய். அதுதான் நிஜம். நாலு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எலக்ட்ரானிக்ஸ் படித்தோம். ஒரு சர்க்யூட்டையாவது நீ எனக்கு விளக்கியது உண்டா? "ஒயரக் குத்து, காது இன்னா சொல்லுதுன்னு கேளு." அவ்வளவுதான் உன் விளக்கம். ஆனால் நான் எழுதிக்கொண்டு வந்தால், ஒன்றும் தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, தாளில் இருப்பதை மட்டும் செய்வாய். முதல் மேனுவலில் "பவர் ஒயரை மாட்டவும்" என்று எழுதியிருந்தேன். நீ ஸ்விட்சை அணைக்காமலே ஒயரை எடுத்துக்கொண்டு போனாய். நான் கத்திவிட்டேன். நீ திரும்பிப் பார்த்து, "அணைக்கச் சொல்லி எங்கடி எழுதிக்கீது?" என்றாய். நம்முடைய எல்லா மேனுவலும் இன்றுவரை "முதலில் மின்சாரத்தை அணைக்கவும்" என்றுதான் ஆரம்பிக்கிறது.

அந்தப் பனி ஊர்க்காரர் ஞாபகம் இருக்கிறதா? சத்தம் எழுப்பும் துண்டான நம் முதல் ஆசிலேட்டரை வாங்கியவர். ஸ்விட்சைப் போட்டுப் பத்து நிமிஷம் கழித்துச் சுருதி சேர்க்கலாம் என்று நாம் எழுதியிருந்தோம். அவர் சேர்த்தார். சேர்த்த சுருதி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போனது. கடுப்பில் நீளமாக ஒரு மெயில் எழுதினார். அந்த ஆளுக்குத்தான் சேர்க்கத் தெரியவில்லை என்று நாம் ரெண்டு நாள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். பிறகு உன் ராயபுரத்து மாடி அறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, வேர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தாய். "மச்சி, இந்த ரூமே அடுப்பு. இங்க ஆன் பண்றதுக்கு முன்னாடியே அது சூடாத்தான் கீது." நம்முடைய பத்து நிமிஷம் சித்திரை மாசத்து ராயபுரத்தின் பத்து நிமிஷம். பனி ஊரில் அது சூடேறிச் சுருதி நிற்க இன்னும் நேரம் ஆகும்.

அப்போதுதான் கீழே போய் உங்கம்மாவின் மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். மாட்யூலை ரெண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஐஸுக்கு மேல் தட்டு போட்டு உட்கார வைத்து, ஒயரை மட்டும் மூடி வழியாக வெளியே இழுத்தாய். உங்கம்மா படியேறி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"மீன் வெக்கற பொட்டில இன்னாத்துக்குடி ரேடியோவ வெச்சிகினுகீற? வெளிய இருந்தா நாறிப்பூடுமா?"

"குளுரு தாங்குதான்னு பாக்குறேம்மா."

"தாங்கலன்னா?"

"எவ்ளோ நேரம் கயிச்சுத் தாங்கும்னு இவ எழுதுவா."

அதற்குப் பிறகு, பெட்டிக்குள் போய் வராமல் நம் மேனுவலில் ஒரு எண்கூட ஏறியதில்லை. ஒருமுறை சோதனைக்கு வைத்ததையே தவறிப் பார்சலில் போட்டுவிட்டாய். வாங்கியவர், சர்க்யூட் பலகையில் என்ன பூசுகிறீர்கள், கடல் வாசனை வருகிறதே என்று கேட்டார். நீ ரொம்பப் பெருமையாக அதை எனக்கு அனுப்பினாய்.

கடைசி மாட்யூலை முடித்துவிட்டுத்தான் நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய். நான் அப்போது வயிற்றில் பாப்பாவோடு இருந்தேன். வெளியே வந்து பெட்டியில் வைத்துப் பார்க்கலாம் என்றாய். நீ வரவில்லை. பலகைகள் எல்லாம் அட்டைப் பெட்டிகளில் தயாராக இருந்தன. முன்கூட்டியே சொல்லி வைத்தவர்கள் காத்திருந்தார்கள். மேனுவலும் முடிந்துவிட்டது, ஒரு இடம் தவிர. சுருதி நிற்க ஆகும் நேரம் என்று நான் எழுதியிருந்ததற்கு எதிரே நீ வழக்கம்போல் காலியாக விட்டிருந்தாய். அளக்காமல் எண் போட மாட்டாயே.

பாப்பா பிறந்தபிறகு எனக்கு எல்லாமே பயம். மணலி ரிஃபைனரிப் பக்கம் இருந்து காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்துவேன். தூங்குகிற குழந்தையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். ஐஸ் பெட்டியில் கரண்டு ஒயரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. பழைய மாட்யூலின் நேரத்தையே அந்த இடத்தில் அடித்துவிட்டேன். அடித்த பிறகு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. இது தப்பாக இருந்தால், சுருதி நிற்காத பெட்டி செய்தவள் என்று உன்னைச் சொல்வார்கள். இல்லை என்று சொல்ல நீ இருக்கமாட்டாய்.

அன்றைக்குத்தான் உங்கம்மா ரயில் ஏறித் திருவொற்றியூருக்கு, என் வீட்டுக்கு வந்தார், இதே பெட்டியோடு. "பால் சுறா. புட்டு செஞ்சி துண்ணு, பால் ஊறும்." பேசிக்கொண்டே மேசையில் இருந்த மாட்யூலைப் பார்த்துவிட்டார்.

"அவளோட கடைசிதா?"

"ஆமாம்மா. ஒரே ஒரு எண்ணுதான் பாக்கி. பழசையே போட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மீனை எடுத்துப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, பெட்டியை என் பக்கம் தள்ளினார். "ஐஸ் கரையறதுக்குள்ள பண்றதுன்னா பண்ணு. கொயந்தைய இங்க குடு."

உள்ளே எவ்வளவு குளிர் என்று பார்க்க, அவசரத்தில் பாப்பாவின் காய்ச்சல் தெர்மாமீட்டரைச் செருகினேன். அதற்கு அவ்வளவு குளிரை அளக்கத் தெரியாதே, வெறும் கோடு காட்டியது. நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டியிருப்பாய். உன் பழைய தெர்மாமீட்டரைத் தேடி எடுத்து மறுபடி ஆரம்பித்தேன். நான் அடித்து வைத்திருந்த நேரம் வந்தது, போனது. சுருதி நகர்ந்துகொண்டேதான் இருந்தது. ஏதோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"இன்னாமே, மூஞ்சி இப்பிடிக் கீது?"

"நிக்கலம்மா."

"நிக்கிற வரிக்கும் பாரு. பஸ்ஸா, உட்டுட்டுப் போறதுக்கு?"

நின்றது. பழைய நேரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனபிறகு நின்றது. மறுநாள் கடையில் ஐஸ் வாங்கி இன்னொரு தரம் வைத்துப் பார்த்தேன். அதேதான். பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதி, பார்சல்களை அனுப்பினேன்.

அதற்குப் பிறகும் தூக்கமில்லை. பாப்பாவைத் தொட்டுப் பார்ப்பேன், உடனே போனை எடுத்து மெயில் பார்ப்பேன். வீட்டுக்காரர் ஒருநாள் பாதித் தூக்கத்தில், "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, படு" என்றார்.

இன்றைக்கு வந்த மெயில் அந்தப் பனி ஊர்க்காரரிடமிருந்து. அங்கே வெளியில் பனி கொட்டுகிறதாம். இந்த முறை நாம் எழுதிய நேரம் வரைக்கும் கை வைக்காமல் காத்திருந்து, பிறகு சேர்த்தாராம். கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிவரை அசையாமல் நிற்கிறதாம். ஒரே ஒரு ஸ்வரத்தை நீளமாகப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டேன். கொஞ்சமும் நகரவில்லை. எத்தனை மாசமாகவோ தோளைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது, அது இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. உங்கம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சும்மா."

"பின்ன? அவ செஞ்சது." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நாளைக்கு சுறா வந்தா எடுத்து வெக்கட்டா?"

போன வாரம் பாப்பாவின் உடம்பு சுட்ட மாதிரி இருந்தது. முன்பென்றால் அப்படியே தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பேன். நான் அலறும்போதெல்லாம் நீ ஒன்று சொல்வாயே: "பயமா கீதா? அளந்து பாரு." உட்கார்ந்து, தெர்மாமீட்டரை வைத்து, அது கத்துகிற வரைக்கும் காத்திருந்தேன். ஒன்றுமில்லை, வெயில் சூடுதான். உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான், இந்தப் பெட்டியைத் தவிர.

மேனுவலை இதோடு இணைத்திருக்கிறேன். காலி இடம் இப்போது இல்லை. வழக்கம்போல் ஒன்றும் தெரியாதவளாக உட்கார்ந்து, எழுதியிருப்பதை மட்டும் செய்து பார். எதையாவது விட்டிருந்தால் சொல். சீக்கிரம் பதில் போடு.