மானுக்குப் பின்னால் கடல்

குறிஞ்சாக்கேணி,
கிண்ணியா.

அன்பு மகள் நப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம், டோஹாவின் வெயிலில் நீங்களும் மருமகனும் வாடாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், வாயில் மட்டும் ஒரு வலியும் இல்லை. ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். முப்பத்தொரு வருடம் தபாற்கந்தோரில் முத்திரை விற்றவன், முத்திரை வரைகிற மகளுக்கு முத்திரை ஒட்டாமல் எழுதினால் நன்றாகவா இருக்கும்.

போன கிழமை உம்மாவோடு கதைக்கும்போது அழுதீர்களாமே. காட்டு விலங்கு முத்திரைகளுக்கு நீங்கள் வரைந்த நான்கில் யானை, கரடி, சிறுத்தை மூன்றையும் தபால் திணைக்களத்தின் தெரிவுக் குழு ஏற்றுக்கொண்டு, புள்ளிமானை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டதாம். மானுக்குப் பின்னால் கடல் இருப்பது இயற்கைக்குப் பொருந்தாது, அதை எடுத்துவிட்டுக் காடு வரையுங்கள் என்று எழுதியிருக்கிறார்களாம். கடல் போனால் நான்கும் வேண்டாம், முழுவதையும் திருப்பி எடுக்கிறேன் என்று நீங்கள் ஒற்றைக் காலில் நிற்கிறீர்களாம். இந்தப் பிடிவாதம் எங்கள் பக்கத்தில் கிடையாது, உம்மாவின் பக்கத்துச் சீதனம். அதை வாய்விட்டுச் சொன்னதால் அன்று எனக்குச் சீனியில்லாத தேத்தண்ணிதான் கிடைத்தது.

குழுவில் இருப்பவர்கள் படித்தவர்கள்தான், ஆனால் திருகோணமலை பஸ் நிலையத்தில் ஒரு நாளும் நின்றதில்லை போலிருக்கிறது. அங்கே மான் கடைக்குள் நுழைகிறது, கடற்கரை மணலில் படுக்கிறது, சுவரில் ஒட்டிய நோட்டீசை உரித்துத் தின்கிறது. சரி, சாட்சியோடு பதில் எழுதுவோம் என்று உங்கள் மான் படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். படத்தை மடியில் வைத்துப் பார்த்தபோது இரண்டு விஷயம் தோன்றியது. ஒன்று, மானின் முகத்தை இடப்பக்கம் கீழ் மூலையில் வைத்திருக்கிறீர்கள், சீல் குத்துகிற கை அங்கேதான் விழும். எத்தனை பெரிய மனிதர்களின் மூக்கை நான் இந்தக் கையால் கறுப்பாக்கியிருக்கிறேன், பாவம் அந்த மானை விடுங்கள், தலையைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள். மற்றது அந்தக் கடல். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு, நம்முடைய துறைமுகத்துக் கடலின் நிறத்தை அச்சு அசலாக எப்படிக் கொண்டுவந்தீர்கள் மகள். கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை எனக்குக் கண் கலங்கியபடியே இருந்தது, உம்மாவிடம் சொல்லவில்லை.

திருகோணமலைக் கோட்டைக்குக் கீழே கடற்கரையில் நாலைந்து மான்கள் நின்றன. என்னோடு வேலை செய்த செல்லத்தம்பியின் மகன் நிருபன், ஓட்டோ ஓட்டுகிறவன், கைபேசியோடு வந்திருந்தான். நிஜ மானும் கடலும் உங்கள் படமும் ஒன்றாக விழும்படி எடு என்று சொல்லிப் படத்தைக் கையில் உயர்த்திப் பிடித்தேன். "காக்கா, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி நில்லுங்கோ" என்றான், தகப்பன் என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவன். நின்றேன். கையில் தாளோடு மானுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் வெளியூர்க்காரன் என்று எத்தனை பேரைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன், அந்தப் புத்தி அன்று எங்கே போனதோ தெரியாது. கொம்பு வைத்த ஒன்று பின்னாலிருந்து வந்து ஒரே இழுவையில் படத்தைப் பறித்துக்கொண்டது. "ஐயோ, அது என்ர மகள் கீறினது" என்று கத்திக்கொண்டு மணலில் ஓடினேனாம். நிருபன் உதவிக்கு வரவில்லை, விடாமல் படம் எடுத்துக்கொண்டு நின்றான்.

அன்றே அவன் உங்களுக்கு அனுப்பியதைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் கடல், நடுவில் மான், அதன் வாயில் பாதிப் படம், ஓரத்தில் ஒற்றைச் செருப்போடு கை நீட்டியபடி வாப்பா. உம்மா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் முழங்கால் வலியே மறந்துவிட்டது, "மானுக்குத் தெரிஞ்ச அருமை குழுவுக்குத் தெரியல்லையே" என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறார். இந்தப் படத்தையே குழுவுக்கு அனுப்பப் போவதாக நேற்று ஃபோனில் எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் வாப்பாவை வெட்டிவிட்டு மானையும் கடலையும் மட்டும் அனுப்புகிறேன், உங்களை நாலு பேர் பார்த்துச் சிரிக்க நான் விடமாட்டேன் என்றும் எழுதியிருந்தீர்கள். அது மட்டும் வேண்டாம் மகள். வெறும் மானும் கடலும் போனால் கம்ப்யூட்டரில் ஒட்டியது என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள். இப்படி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற கிழவனை யாரும் வேண்டுமென்று வரைந்து ஒட்ட மாட்டார்கள். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், சிரித்துக்கொண்டே கடலையும் பார்ப்பார்கள்தானே.

வேளைக்குச் சாப்பிடுங்கள், கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள், மருமகனுக்கு எங்கள் சலாம். உங்கள் கைக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். குழுவுக்குப் பதில் அனுப்ப அடுத்த மாதம் இருபதாம் திகதிதான் கடைசி நாள், அதற்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். கடலையும் எடுக்க வேண்டாம், என்னையும் எடுக்க வேண்டாம்.

மானிடம் தோற்றுப்போன உங்கள் வாப்பா,
அலியார்