சம்பந்தி வீட்டுக் கறி

மேனாம்பேடு,
8-6-2025

சம்பந்தியம்மா ஹில்டா அவர்களுக்கு,

முத்தம்மாள் எழுதிக்கொள்வது. எல்லோரும் சுகம் என்று எழுத மனசு வரவில்லை. போனில் பேசினால் இரண்டு பேருமே கத்திவிடுகிறோம். அதனால் இந்த வழியாகக் கம்பெனிக்குப் போகிற உங்கள் மகன் ரெனிஷிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தமிழ்வாணன் வேலை செய்யும் இடத்தில் வலிப்பு வந்து விழுந்தது உங்களுக்குத் தெரியும். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மூளைக்குள் புழுக்கட்டி இருக்கிறதாம். பன்றிக்கறியில் இருக்கிற நாடாப்புழுவின் குஞ்சு என்கிறார்கள். இருப்பது ஒரே பிள்ளை, அவனுக்கா இப்படி வரவேண்டும்?

எங்கள் வீட்டில் ஆடு, கோழி, மீன் எல்லாம் உண்டு. பன்றிக்கறி மட்டும் வாசற்படி ஏறினதில்லை. அவன் போய்ச் சாப்பிடுகிற வேறு வீடு உங்கள் வீடு ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று எனக்குத் தெரியாதா?

மருமகள் ரெனிதா கொஞ்ச நாள் உங்களிடமே இருக்கட்டும். அவள் நல்ல பெண்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தெருவே கேட்கிறது. அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

இப்படிக்கு,
முத்தம்மாள்


பாரிவாக்கம்,
12-6-2025

அன்புள்ள சம்பந்தியம்மா,

மாப்பிள்ளைக்காகக் காலையும் மாலையும் ஜெபம் செய்கிறேன். அதை முதலில் சொல்லிவிட்டு என் வருத்தத்தைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை எங்கள் வீட்டில் பன்றிக்கறியைத் தொட்டதே இல்லை. "எனுக்கு வாணாம் அத்தே, கோழி போதும்" என்பார். அவருக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்துத்தான் சமைக்கிறேன். அதற்காக என் வீட்டுக்காரர் என்னைக் கிண்டல் செய்யாத பண்டிகை இல்லை.

உங்களுக்கு வயிறு எரிந்த நாளில்கூட ரெனிதாதான் மாப்பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் அவளிடம் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றால் நாடாப்புழு தின்றவர் குடலில்தான் வளருமாம். மூளைக்குப் போவது கறி இல்லை, அந்தப் புழுவின் முட்டை. குடலில் புழு உள்ளவர் கக்கூஸ் போய்விட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றைத் தொட்டால், முட்டை சோற்றில் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சோற்றைத் தின்றவருக்குத்தான் மூளையில் கட்டி வரும். ஆயுசுக்கும் பன்றிக்கறியே தொடாத ஐயருக்கும் வரும் என்றாராம்.

அதனால் மாப்பிள்ளைக்குச் சமைத்துப் போடுகிற எல்லோரும் மலம் பரிசோதிக்க வேண்டும் என்கிறார். நான், ரெனிதா, என் வீட்டுக்காரர், ரெனிஷ் எல்லோரும் கொடுத்துவிட்டோம். யாருக்கும் ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்கும் குடலில் ஒன்றுமில்லை. நீங்கள் மட்டும்தான் பாக்கி.

அன்புடன்,
ஹில்டா


மேனாம்பேடு,
15-6-2025

சம்பந்தியம்மா,

நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம். பன்றிக்கறி தின்கிறவர்கள் எல்லாம் சுத்தம், தின்னாதவள் டப்பாவில் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போகவேண்டுமா? பெற்ற பிள்ளைக்குச் சோறு பிசைந்து கொடுத்த கையைச் சந்தேகப்படுகிறீர்கள். இதை நீங்கள் எழுதலாமா?

அவனும் நேற்று, "நீயும் ஒரு தபா டெஸ்ட் எடுத்துடும்மா, இன்னா ஆவப்போவுது" என்கிறான். உங்கள் பெண் சொல்லிக்கொடுத்தது. போகிறேன். போய் எடுத்து உங்கள் வாயை அடைக்கிறேன்.

முத்தம்மாள்


மேனாம்பேடு,
24-6-2025

ஹில்டாம்மா,

இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

எனக்கு இருக்கிறது. முட்டை இருக்கிறதென்று ரிசல்ட் வந்தது. தமிழ்வாணனுக்குத் தெரியாமல் வேறு லேபில், வேறு டாக்டரிடம் போனேன். புழுவைக் கொல்ல மாத்திரை கொடுத்திருக்கிறார்.

எப்படி என்று கேட்பீர்கள். எனக்கு ரொம்ப நாளாக மூலம். போன ஆடிக்கு முந்தின ஆடியில் உட்காரக்கூட முடியாமல் துடித்தேன். பக்கத்து வீட்டு வசந்தாதான், "வெள்ளப்பன்னி கறி துன்னுக்கா, மூலம் ஓடியே பூடும்" என்றாள். ஊரில் நிறையப் பேர் அதற்காகத் தின்பதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பூந்தமல்லி ரோட்டில் ஒரு தள்ளுவண்டியில் வாங்கி, ரத்தம் காயாமல் பாதி வெந்திருந்ததை, மருந்துதானே என்று கண்ணை மூடிக்கொண்டு மெல்லாமல் விழுங்கினேன். அப்படியே ஐந்தாறு வாரம் தின்றேன். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, அதனால் வீட்டுக்குத் தீட்டில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வெள்ளையாக, நாடாத் துண்டு மாதிரி போனது. மூல வியாதிக்காரிக்கு என்னென்னவோ போகும் என்று விட்டுவிட்டேன். தண்ணீர் லாரி வராத நாளில் ஒரு சொம்பில்தான் கால், கை எல்லாம் கழுவுவேன். அந்தக் கையால்தான் மோர்ச்சோறு பிசைந்து அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

ரெனிதாவை அனுப்பிவிடுங்கள். ஒரே ஒரு உதவி. அவனிடம் இதைச் சொல்லவேண்டாம். தண்ணீரில் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

முத்தம்மாள்


பாரிவாக்கம்,
27-6-2025

அன்புள்ள சம்பந்தியம்மா,

காலில் விழுவதெல்லாம் வேண்டாம். படித்துவிட்டு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மருந்துக்குத்தான் வேண்டுமென்றால் என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா? எலும்பிலிருந்து கழன்று வருகிற வரைக்கும் வேகவைத்துக் கொடுத்திருப்பேனே. மூலம் போயிருக்காது, புழுவும் வந்திருக்காது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ரெனிதா என் முகத்தைப் பார்த்துக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அத்தை மேல எனுக்குக் கோவம் இல்லம்மா. தெரியாம நடந்துச்சி. ஆனா என்னாலதான் வந்துச்சின்னு தெரு பூரா சொன்னாங்கல்ல? தண்ணியால வந்துச்சின்னா யார் நம்புவாங்க? அவர்கிட்ட அவங்களே சொல்லட்டும், அப்பறம் நான் வரேன்."

நான் அவளை வற்புறுத்தவில்லை. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. மாத்திரையை விடாமல் போடுங்கள்.

அன்புடன்,
ஹில்டா


மேனாம்பேடு,
6-7-2025

ஹில்டாம்மா,

சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை அவன் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வசந்தாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் சொன்னேன், தெருவுக்கும் போய்ச் சேரட்டும் என்று. என் மருமகள் மேல் பழி இல்லை, என் மேல்தான் என்று அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

அவன் திட்டவில்லை. "உனுக்கு வலிச்சிதுன்னா எங்கிட்ட சொல்லிருக்கலாம்லம்மா" என்று மட்டும் கேட்டான். ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

கட்டி வற்றிவருகிறது, வலிப்பு மாத்திரையை ரொம்ப நாள் போடவேண்டும் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மறுபடி பார்த்தார்கள். புழு இல்லை, முட்டை இல்லை, தாராளமாகச் சமைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதையும் அவனிடம் சொன்னேன். சரிம்மா என்றான்.

ஆனால் வியாழக்கிழமையிலிருந்து அவன் வீட்டில் சாப்பிடவில்லை. பசியில்லை என்கிறான், வெளியில் இட்லி வாங்கித் தின்றுவிட்டு வருகிறான். நான் கையைச் சோப்புப் போட்டு அவன் கண்ணெதிரே கழுவிவிட்டுத்தான் பரிமாறுகிறேன். தட்டு அப்படியே இருக்கிறது. அவனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். ரெனிதாவைப் புறப்பட்டு இருக்கச் சொல்லுங்கள். இனிமேல் அடுப்படி அவளுக்கே. அவள் கையால் போட்டால் என் பிள்ளை வீட்டில் சாப்பிடுவான்.

முத்தம்மாள்